பரவலாக்கமும் அந்தரங்கமும் ஒன்றல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்காணிப்புக்கும் தணிக்கைக்கும் உட்படாமல் இணையத்தில் உலவ உதவும் பரவலாக்கப்பட்ட வலைப்பின்னல்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழில் இப்படியொரு பொருளை எடுத்துக்கொண்டதற்கு முதலில் என் நன்றி. ஆயினும், உலவுபவரை மறைக்கும் டார், தனக்குள்ளேயே இயங்கும் ஐ-டு-பி, கோப்புகளைப் பகிரும் ஐ.பி.எஃப்.எஸ். ஆகிய மூன்று வலைப்பின்னல்களையும் ஒரே வரிசையில் நிறுத்தி, எல்லாத் தகவலும் வந்துபோகும் மைய சர்வர் என்று ஒன்று இல்லாததால் இவற்றில் எவரையும் அடையாளம் காண முடியாது என்ற பொருள்பட அந்தக் கட்டுரை முடிந்திருப்பது தவறு. அதை நம்பி நடக்கும் ஒருவருக்கு உண்மையிலேயே தீங்கு நேரக்கூடும் என்பதால், கடிதம் நீண்டாலும் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நான் கணினிப் பொறியியல் படித்தவள் இல்லை. ஏற்காடு ஒண்டிக்கடை அருகே 2003 முதல் 2019 வரை நான்கு கணினிகளை வைத்து பிரவுசிங் சென்டர் நடத்தியவள். தேர்வு முடிவு பார்க்கவும், ரயில் டிக்கெட் எடுக்கவும், வேலைவாய்ப்பு விண்ணப்பம் நிரப்பவும் எஸ்டேட் குடியிருப்புகளிலிருந்தும் நாகலூர், வெள்ளக்கடை போன்ற ஊர்களிலிருந்தும் வந்தவர்களே என் வாடிக்கையாளர்கள். 2011-இல் மத்திய அரசு சைபர் கஃபேக்களுக்கான விதிகளை வெளியிட்ட பிறகு, வருபவரின் அடையாள அட்டையைப் பார்த்து நகலெடுத்து வைக்கவும், பெயர், முகவரி, கணினி எண், வந்த நேரம், போன நேரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதவும், கணினிகளில் திறக்கப்பட்ட தளங்களின் வரலாற்றையும் அந்தப் பதிவேட்டையும் ஓராண்டாவது பாதுகாக்கவும் கடமைப்பட்டோம். நீல அட்டை போட்ட அந்தப் பதிவேட்டை ஒரு நாளும் தவறாமல் எழுதினேன்.

அந்தப் பதிவேடுதான் ஒரு பெண்ணைக் காட்டிக்கொடுத்தது. காபிப் பழம் பறிக்கும் குடும்பத்தைச் சேர்ந்த அவள், ஒரு பிற்பகலில் மூன்றாம் எண் கணினியில் அமர்ந்து, 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தைப் பற்றியும், அதன்படி பதிவு செய்வதற்கு முப்பது நாள்களுக்கு முன்பே அறிவிப்பு ஒட்டப்படுவதைப் பற்றியும் படித்துவிட்டுப் போனாள். மறுநாள் அவளுடைய உறவினர் ஒருவர் அதே கணினியில் வேறு வேலையாக உட்கார்ந்தபோது, பிரவுசரில் இருந்த பழைய வரலாறு அவர் கண்ணில் பட்டது. எழுந்து வந்தவர், போன நேரத்தைக் குறிப்பதற்காகத் திறந்திருந்த பதிவேட்டில் முந்தைய நாளின் வரிகளை விரல் வைத்துப் படித்தார். கணினியின் வரலாற்றில் பெயர் இல்லை, நேரம் இருந்தது. பதிவேட்டில் தளத்தின் பெயர் இல்லை. அங்கும் நேரம் இருந்தது. இரண்டு நேரங்களும் பொருந்தின. அதன்பின் அவள் என் கடைப்பக்கம் வரவில்லை. படிப்பை நிறுத்திவிட்டார்கள் என்று பின்னர் கேள்விப்பட்டேன். வரலாற்றை அழிக்காமல் விட்டதும், பதிவேட்டை மேசைமேல் திறந்து வைத்ததும் என் தவறுகள். அந்த வருத்தம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான் இந்த வலைப்பின்னல்களைப் பற்றிப் படிக்கவும், வீட்டிலிருக்கும் பழைய கணினியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கவும் தொடங்கினேன். எதை எடுத்தாலும் நான் கேட்பது ஒரே கேள்விதான். வந்தவர் யார் என்று எழுதிய ஏடு யாரிடம் இருக்கிறது, அவர் எதைப் பார்த்தார் என்று எழுதிய ஏடு யாரிடம் இருக்கிறது, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கக்கூடியவர் எவராவது உண்டா? மைய சர்வர் இருக்கிறதா இல்லையா என்பது இதிலிருந்து வேறான கேள்வி. தங்கள் கட்டுரை இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

சாதாரணமாக நாம் இணையத்தைத் திறக்கும்போது இரண்டு ஏடுகளும் இணைய இணைப்பு தரும் நிறுவனத்திடம் இருக்கின்றன. தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யும் எச்.டி.டி.பி.எஸ். வந்தபின் எந்தப் பக்கத்தைப் படித்தோம் என்பது அதற்குத் தெரியாது. எந்தத் தளத்துக்குப் போனோம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. நம் தொடர்பை வேறொரு நிறுவனத்தின் கணினி வழியாக அனுப்பும் வி.பி.என். சேவையை வாங்கினால் அந்த ஏடுகள் அப்படியே வேறொரு கடைக்கு மாறுகின்றன, அவ்வளவுதான். அந்தக் கடைக்காரர் எழுதி வைக்கமாட்டேன் என்று சொல்வதை நாம் நம்ப வேண்டியிருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி, வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, பயன்படுத்தும் நோக்கம் உள்ளிட்ட விவரங்களை ஐந்து ஆண்டுகளுக்குக் காக்க வேண்டும். அதற்கு உடன்படாத சில வெளிநாட்டு நிறுவனங்கள் அந்த ஆண்டிலேயே இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. எங்கள் பதிவேட்டுக்கு ஓராண்டு, இவர்களுக்கு ஐந்தாண்டு.

டார் இந்த இரண்டு ஏடுகளையும் பிரிப்பதற்கென்றே கட்டப்பட்டது. 1990-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் உருவான வெங்காய வழித்தடம் என்ற கருத்திலிருந்து வளர்ந்து, 2002-இல் வெளியாகி, 2006 முதல் இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்றால் நடத்தப்படுகிறது. நாம் அனுப்பும் செய்தி மூன்று உறைகளில் ஒன்றுக்குள் ஒன்றாக மூடப்பட்டு, உலகெங்கும் தன்னார்வலர்கள் நடத்தும் செய்தியைக் கைமாற்றிவிடும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ரிலே கணினிகளில் மூன்றின் வழியாகப் போகிறது. நுழைவாயிலில் இருப்பது நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐ.பி. முகவரியை அறியும், போகுமிடத்தை அறியாது. வெளிவாயிலில் இருப்பது போகுமிடத்தை அறியும், நம்மை அறியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டுமே தெரியாது. என் கடையில் பதிவேட்டை ஒருவரும் கணினி வரலாற்றை வேறொருவரும் வைத்துக்கொண்டு, இருவருக்கும் இடையில் ஒருவரையொருவர் அறியாதபடி மூன்றாமவர் ஒருவரை உட்கார்த்தியிருந்தால் எப்படியோ அப்படி.

கடற்படைக்கு உள்ளே பிறந்த ஒன்று ஏன் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது என்பதில்தான் இதன் சூட்சுமம் இருக்கிறது. கடற்படையினர் மட்டுமே அதைப் பயன்படுத்தினால், அதிலிருந்து வெளியே வரும் எவரும் கடற்படையினர் என்பது பார்த்தவுடன் தெரிந்துபோகும். ஆகவே பத்திரிகையாளர், மாணவர், நோயாளி, வணிகர் என்று பலரும் கலந்த கூட்டம் அதற்குத் தேவைப்பட்டது. சேர்வராயன் கோயில் திருவிழாவில் ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கும், ஆள் நடமாட்டமில்லாத எஸ்டேட் பாதையில் ஒருவரைக் கண்டுபிடிப்பதற்கும் உள்ள வேறுபாடு மலையில் வாழ்பவர்களுக்கு விளக்காமலே விளங்கும். தொழில்நுட்பத்தில் டாரைவிட நுட்பமான வலைப்பின்னல்கள் இருக்கலாம்; அவற்றில் கூட்டம் இல்லையென்றால் அந்த நுட்பம் பாதிப் பயன்தான் தரும். டார் பிரவுசர் எல்லாப் பயனாளர்களையும் தளங்களின் கண்ணுக்கு ஒரே மாதிரியாகக் காட்ட முயல்வதும், திரையின் அளவைக்கூட வட்டமான எண்களுக்குள் அடக்குவதும் இதற்காகவே. அதனால் அதில் கூடுதல் வசதிகளைச் சேர்த்து அழகுபடுத்திக்கொள்பவர் கூட்டத்திலிருந்து தானே தனித்து நிற்கிறார்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். டார் முழுமையாகப் பரவலாக்கப்பட்டதன்று. எந்தெந்த ரிலேக்கள் இயங்குகின்றன என்ற பட்டியலை, நம்பிக்கைக்குரிய தன்னார்வலர்கள் நடத்தும் சுமார் ஒன்பது அடைவுக் கணினிகள் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கூடி வாக்களித்து வெளியிடுகின்றன. மையமில்லாமை என்ற ஒரே அளவுகோலை வைத்துப் பார்த்தால் டார் பின்தங்கிவிடும். அந்தரங்கம் என்ற அளவுகோலை வைத்துப் பார்த்தால் முன்னிற்கும். தங்கள் கட்டுரையாளர் ஒரு கோலால் அளந்துவிட்டு இன்னொரு கோலின் அளவைச் சொல்லிவிட்டார்.

டாரின் குறைகளும் கற்பனையல்ல. 2007-இல் சுவீடனைச் சேர்ந்த ஒரு பாதுகாப்பு வல்லுநர் ஐந்து வெளிவாயில் கணினிகளைத் தானே நடத்தி, அவற்றின் வழியே மறையாக்கம் இன்றிச் சென்ற மின்னஞ்சல் கடவுச்சொற்களைத் திரட்டி வெளியிட்டார். பல நாடுகளின் தூதரகக் கணக்குகள் அதில் இருந்தன. இந்தியத் தூதரகங்களும் இருந்தன. யார் என்பதை டார் மறைத்தது. ஆனால் கடிதத்துக்குள்ளேயே பெயரும் கடவுச்சொல்லும் எழுதியிருந்தால் டாரால் என்ன செய்ய முடியும்? இப்போது டார் பிரவுசர் எச்.டி.டி.பி.எஸ். இல்லாத தளங்களைத் திறக்கும்முன் எச்சரிக்கிறது. அதைவிட ஆழமான குறை, நுழைவாயிலையும் வெளிவாயிலையும் ஒரே நேரத்தில் கவனிக்க வல்ல ஒருவர், உள்ளே போன நேரத்தையும் அளவையும் வெளியே வந்த நேரத்துடனும் அளவுடனும் ஒப்பிட்டு ஆளைக் கண்டுபிடிக்க முடியும் என்பது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் மேசைமேல் அந்த உறவினர் விரல் வைத்துப் பார்த்தது இதையேதான். டாரை வடிவமைத்தவர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலேயே இந்தத் தாக்குதலைத் தங்களால் தடுக்க இயலாது என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவர்கள்மீது மதிப்பு அதிகம்.

ஐ-டு-பி 2003-இல் தொடங்கியது. டாரில் பயனாளர் வேறு, ரிலே நடத்துபவர் வேறு. ஐ-டு-பியிலோ நுழையும் ஒவ்வொருவரும் இயல்பாகவே மற்றவர்களின் செய்தியையும் கடத்துகிறார்கள். செய்தி போகும் வழியான சுரங்கமும் வரும் சுரங்கமும் தனித்தனி. கேள்வி ஒரு வழியில் போக, பதில் வேறு வழியில் திரும்புகிறது. அடைவுக் கணினிகள் என்ற சிறு குழுவும் கிடையாது. பட்டியல் பயனாளர்களுக்குள்ளேயே பரவியிருக்கிறது. பரவலாக்கம் என்ற சொல்லுக்கு உண்மையாகவே பொருந்துவது இது. ஆனால் இது தனக்குள்ளேயே இயங்கும் தளங்களுக்காகவும் உரையாடல்களுக்காகவும் அமைந்தது. வெளியுலக இணையத்துக்குப் போகும் வாயில்கள் இதில் மிகச் சில. தங்கள் நாளிதழை ஐ-டு-பி வழியாகப் படிக்க நினைப்பவர் விரல்விட்டு எண்ணத்தக்க அந்த வாயில்களில் ஒன்றை நம்பியாக வேண்டும்.

மலைமேல் இதை ஓட்டிப் பார்த்த அனுபவத்தையும் சொல்கிறேன். ஐ-டு-பி நிறுவியவுடன் வேகம் எடுப்பதில்லை. பல மணி நேரம் தொடர்ந்து இயங்கி, மற்ற கணினிகளுடன் பழகிய பிறகுதான் ஓரளவு நகரும். ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் மின்சாரம் ஒரு நாளைக்கு எத்தனை முறை போகும் என்று எண்ணிச் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. மொபைல் இணைப்பில் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்தளிப்பதால், வெளியிலிருந்து வரும் தொடர்புகளை என் கணினியால் ஏற்க முடியவில்லை என்ற அறிவிப்பும் நிலையாக நின்றது. மின்சாரமும் கம்பிவழி இணைப்பும் தடையின்றிக் கிடைக்கும் சேலம் நகரத்து வீட்டில் இது வேறு மாதிரி இருக்கலாம். இந்த வலைப்பின்னல்களை ஒப்பிடும் கட்டுரைகள் எல்லோர் வீட்டிலும் கணினி இரவும் பகலும் ஓடும் என்று எடுத்துக்கொள்வது எனக்குக் குறையாகவே படுகிறது. டார் பிரவுசர் அப்படியன்று. திறந்த சிறிது நேரத்தில் இணைகிறது. பக்கம் வரச் சற்றுத் தாமதமாகிறது. மூடினால் வரலாற்றைத் தானே அழித்துவிடுகிறது. அந்தக் கடைசி வசதி என் கடையின் மூன்றாம் எண் கணினியில் அன்று இருந்திருக்கக் கூடாதா என்று பலமுறை எண்ணியிருக்கிறேன்.

ஃப்ரீநெட்டைப் பற்றித் தங்கள் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இயன் கிளார்க் என்ற மாணவர் 1999-இல் எழுதிய ஆய்வேட்டிலிருந்து பிறந்து, 2000-இல் வெளியாகி, 2023 முதல் ஹைஃபநெட் என்ற பெயரில் இயங்குவது அது. எழுதியவரின் கணினி அணைந்த பிறகும் எழுத்து வாழ வேண்டும் என்பது அதன் நோக்கம். ஒவ்வொருவரின் வட்டிலும் ஒரு பகுதி, மறையாக்கம் செய்த துண்டுகளை வைப்பதற்காக ஒதுக்கப்படுகிறது. எதை வைத்திருக்கிறோம் என்பது வைத்திருப்பவருக்கே தெரியாது. எவரும் கேட்காத துண்டுகள் காலப்போக்கில் மறைந்துவிடும். உலவுவதற்கு மிக மெதுவானது; ஆவணத்தைப் பாதுகாத்து வைப்பதற்குரியது.

இனி, என்னை இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய ஐ.பி.எஃப்.எஸ். பற்றி. 2015-இல் வெளிவந்த இது மிக நல்ல கருத்து. ஒரு கோப்பு எந்த சர்வரில் இருக்கிறது என்று தேடாமல், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற ஓர் அடையாளத்தைச் சொல்லித் தேடுகிறோம். அதை வைத்திருக்கும் எவரும் தரலாம். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கைரேகை பொருந்தாது. 2017 ஏப்ரலில் துருக்கி அரசு விக்கிப்பீடியாவை முடக்கியபோது, துருக்கி மொழி விக்கிப்பீடியாவின் நகல் ஒன்று ஐ.பி.எஃப்.எஸ். வழியாகக் கிடைக்கச் செய்யப்பட்டது. தடை 2020 ஜனவரியில்தான் நீங்கியது. ஓரிடத்தை அடைத்தால் இன்னோரிடத்திலிருந்து கிடைக்கும் என்பதால், தணிக்கைக்கு எதிராக இதற்கு வலிமை உண்டு.

ஆனால் அந்தரங்கத்தைப் பொறுத்தவரை இது என் பதிவேட்டைக் கடை வாசலில் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். எனக்கு இந்தக் கைரேகையுள்ள கோப்பு வேண்டும் என்று நம் கணினி மற்றக் கணினிகளிடம் கேட்கும்போது, நம் ஐ.பி. முகவரியுடன்தான் கேட்கிறது. கோப்பைப் பெற்ற பிறகு நம் கணினி அதைப் பிறருக்குத் தருவதாக அறிவித்தால், அந்த அறிவிப்பும் பொதுவான அட்டவணையில் ஏறுகிறது. யார் என்பதும் எதை என்பதும் ஒரே வரியில், எவரும் படிக்கும்படி. சாதாரண இணையத்தில் இணைப்பு நிறுவனமும் அந்தத் தளமும் மட்டுமே அறிந்த செய்தியை, இங்கே கவனித்துக்கொண்டிருக்கும் எவரும் அறியலாம். இதை உருவாக்கியவர்களும் தங்கள் விளக்க ஆவணங்களில் இது பெயர் மறைக்கும் கருவியன்று என்றே சொல்கிறார்கள். ஒரு பொது வாயில் தளம் வழியாக ஐ.பி.எஃப்.எஸ். கோப்பைத் திறந்தால் நம் முகவரி அந்த வாயிலுக்கு மட்டுமே தெரியும். ஆனால் அப்போது நாம் மறுபடி ஒரு மையத்திடம் போய் நிற்கிறோம். அதே 2015-இல் ஹங்கேரியிலிருந்து வந்த, தளங்களைப் பயனாளர்களே பகிர்ந்து வைக்கும் ஜீரோநெட்டும் இப்படித்தான். டாரைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் முகவரி வெளிப்படையாகவே இருக்கும்.

நேரத்தைப் பொருத்திப் பார்க்கும் தாக்குதலுக்கு விடைகாண முயல்வது நிம் என்ற கலவை வலைப்பின்னல். செய்திகளை வந்த வரிசையில் அனுப்பாமல் கலந்து அனுப்பலாம் என்று டேவிட் சாம் 1981-லேயே எழுதினார். நிம் அந்த வழியில், ஒரே அளவுள்ள பொட்டலங்களாகச் செய்தியைப் பிரித்து, ஒவ்வொரு நிலையிலும் சற்றே தாமதப்படுத்தி, நாம் எதையும் அனுப்பாத நேரத்திலும் போலிப் பொட்டலங்களை ஓடவிடுகிறது. என் பதிவேட்டில் யாரும் வராத நேரங்களிலும் வரிகள் எழுதப்பட்டிருந்தால் அந்த உறவினரால் எதையும் பொருத்தியிருக்க முடியாது. ஆனால் இந்தத் தாமதம் உலவுவதைக் கடினமாக்குகிறது. இணையப் பக்கங்களைவிடச் சிறு செய்திகளுக்கே அது பொருந்தும் என்பது என் எண்ணம். வலைப்பின்னலும் இளமையானது, முன்பு சொன்ன கூட்டம் இன்னும் சேரவில்லை.

பரவலாக்கப்பட்ட வி.பி.என். என்ற பெயரில், வீட்டு இணைப்பை வாடகைக்கு விட்டால் மின்நாணய டோக்கன் கிடைக்கும் என்று அழைக்கும் செயலிகளைத் தங்கள் கட்டுரை உபரி வருமானத்துக்கான வழி என்று குறிப்பிட்டிருந்தது. இதில் முகந்தெரியாத ஒருவர் செய்யும் செயல் நம் வீட்டு முகவரியிலிருந்து நடந்ததாகப் பதிவாகும். 2017-இல் மாஸ்கோவில் டாரின் வெளிவாயில் கணினி ஒன்றைத் தன் வீட்டிலிருந்து நடத்திய கணித ஆசிரியர் ஒருவர், வேறு எவரோ எழுதியவற்றுக்காகக் கைது செய்யப்பட்டு, பல மாதங்கள் காவலிலும் வீட்டுக்காவலிலும் இருந்து, அடுத்த ஆண்டில்தான் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டார். கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் சில நூறு ரூபாய்க்காக இதில் இறங்குவதை நினைத்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது. உதவ விரும்புபவர்களுக்கு டாரின் ஸ்னோஃபிளேக் என்ற பிரவுசர் நீட்சி இருக்கிறது. டார் தடுக்கப்பட்ட நாட்டிலுள்ள ஒருவரை நுழைவாயில் வரை கொண்டுசேர்க்கும் பாலமாக மட்டுமே அது இயங்குவதால், அவர் பார்க்கும் தளத்தில் நம் முகவரி பதிவாவதில்லை. 2022-இல் ஈரானில் போராட்டங்களின்போது இணையம் நெரிக்கப்பட்டபோது பலர் இதன் வழியாகவே வெளியுலகைப் பார்த்தார்கள். என் வீட்டிலும் அதை ஓடவிட்டிருக்கிறேன்.

நம் நாட்டில் இதற்கெல்லாம் என்ன தேவை என்று கேட்பவர்கள் உண்டு. 2012-இல் திரைப்படத் திருட்டைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவை இணைப்பு நிறுவனங்கள் முழுத் தளங்களையே முடக்கும் உத்தரவாக எடுத்துக்கொண்டதால், குற்றமற்ற காணொளித் தளங்களும் அடைபட்டன. குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே தடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஜூன் மாதத்தில் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. 2017 ஆகஸ்டில், பழைய நூல்களையும் இணையப் பக்கங்களையும் சேர்த்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவ் தளமே சில நாள்கள் முடங்கியது. சேலம் மாவட்டத்தைப் பற்றிய ஆங்கிலேயர் காலக் கையேடுகளை நான் படித்துவந்தது அந்தத் தளத்தில்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவின்படி தளங்களைத் தடுக்கும் உத்தரவுகளோ, 2009-ஆம் ஆண்டு விதிகளின்படி இரகசியமாக வைக்கப்படுகின்றன. எது, ஏன் தடுக்கப்பட்டது என்று குடிமகனுக்குத் தெரிவதில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்த நாடு இது.

ஒன்றை மட்டும் வாசகர்கள் தவறாக எண்ணிவிடக் கூடாது. இணைப்பே துண்டிக்கப்பட்டால் மேலே சொன்ன எதுவும் பயன்படாது. 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையச் சேவை நிறுத்தப்பட்டபோது டாரும் இல்லை, ஐ-டு-பியும் இல்லை. புளூடூத் வழியாகப் பக்கத்திலிருப்பவருக்குச் செய்தி கடத்தும் பிரையர் போன்ற செயலிகளே அத்தகைய நேரத்துக்கு உரியவை; ஆனால் 2023 மே மாதம் இந்தியாவில் தடை செய்யப்பட்ட பதினான்கு செயலிகளில் பிரையரும் ஒன்று.

இந்த வலைப்பின்னல்களில் போதைப்பொருள் சந்தைகளும், அவற்றைவிடக் கொடிய, குழந்தைகளைச் சிதைக்கும் குற்றங்களும் நடந்திருக்கின்றன என்பதை நான் மறைக்கவில்லை. அவற்றைச் செய்தவர்கள் தண்டிக்கப்பட வேண்டும், பலர் தண்டிக்கப்பட்டும் இருக்கிறார்கள். ஆனால் இருள் வலை என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் போர்த்திவிட்டால், தன் நோயைப் பற்றி, தன் கடனைப் பற்றி, தன் திருமணத்தைப் பற்றி ஒருவருக்கும் தெரியாமல் படிக்க வேண்டியிருக்கும் ஒரு பெண் எந்தக் கருவியை எடுப்பது என்று தெரியாமல் போகும். அவளுக்குச் சொல்லக்கூடிய பதில் எளிதானது. வெளியுலகத் தளங்களைப் படிப்பதற்கு டார் பிரவுசர். அதில் தன் பெயருள்ள எந்தக் கணக்கிலும் நுழையக் கூடாது. டார் பிரவுசரைப் பயன்படுத்துவதையே குற்றமாக்கும் மத்தியச் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. மற்றவை வேறு வேலைகளுக்கானவை.

தங்களிடம் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன். முதலாவது, டார் பிரவுசரில் தங்கள் இணையதளத்தைத் திறந்தால், மனிதர்தானா என்று சோதிக்கும் படப்புதிர் திரும்பத் திரும்ப வருகிறது. நான்கு முறை சரியாகத் தேர்ந்தெடுத்தும் எனக்கு உள்ளே போக வழி கிடைக்கவில்லை. செய்தியைப் படிக்க மட்டும் வருபவர்களுக்கேனும் அந்தத் தடையை நீக்க வேண்டும்.

இரண்டாவது, தங்கள் நாளிதழுக்கென்று, டாருக்குள் மட்டுமே திறக்கும் ஒரு வெங்காய முகவரி அமைக்க வேண்டும். நியூயார்க் டைம்ஸ் 2017-இலும், அரபி, பாரசீக, ரஷ்ய மொழிச் சேவைகளுடன் பி.பி.சி. 2019-இலும் இதைச் செய்திருக்கின்றன. ஐம்பத்தாறு எழுத்துகள் கொண்ட அந்த முகவரிக்குச் செல்பவரின் தொடர்பு டார் வலைப்பின்னலை விட்டு வெளியே வருவதே இல்லை. ஆகவே 2007-இல் தூதரகங்களைக் காட்டிக்கொடுத்த வெளிவாயில் என்ற குறை அங்கே எழாது. இருக்கும் தளத்தை மாற்றாமலே அதன் முன்னால் இதை நிறுவுவதற்கான இலவச மென்பொருள் கிடைக்கிறது. தமிழ் நாளிதழ் ஒன்று இதைச் செய்தால், நம் மாவட்டத்து வாசகருக்கு மட்டுமன்றி, தமிழைப் படிப்பதே கண்காணிக்கப்படும் இடங்களில் வாழ்பவர்களுக்கும் அது பயன்படும்.

மூன்றாவது, மற்ற இரண்டைவிட அவசரமானது. ஐ.பி.எஃப்.எஸ். பயன்படுத்துபவரை அடையாளம் காண முடியாது என்ற கருத்து தவறானது, அதில் கேட்பவரின் ஐ.பி. முகவரியும் கேட்ட கோப்பும் பிறருக்குத் தெரியும் என்ற திருத்தத்தை, கட்டுரை வந்த அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவு எழுத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த இணைப்பைக் கத்தரித்து வைத்திருப்பதாகவும், அதன்படி செய்யப்போவதாகவும் எங்கள் தெருவிலேயே கல்லூரி மாணவி ஒருத்தி என்னிடம் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
ஒண்டிக்கடை, ஏற்காடு,
சேலம் மாவட்டம்.